குடிதண்ணீரில் கழுவிய வண்டி

கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் துருவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நம் காயல்பட்டினத்து வீடுகளில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் கையில் செம்பொடி ஒட்டும். சைக்கிள் மணி ஒரு மழைக்காலத்தைத் தாண்டி ஒலிக்காது. கொல்லைக் கதவின் கொண்டி, வாளியின் கைப்பிடி, தையல் கத்தரிக்கோல் என்று எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்றுவிடும். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். ஆனால் என்னோடு படித்த தோழிகளே, உங்களில் எத்தனை பேருக்கு, ஒரு வண்டியின் பக்கத் தகரத்தை விரல்கணுவால் தட்டிப் பார்த்து, உள்ளே இரும்பு இருக்கிறதா, ஓட்டையை மூட வெறும் பட்டிப் பசை அப்பியிருக்கிறதா என்று சொல்ல முடியும்? என்னால் முடியும். எனக்கு வயது அறுபது தாண்டிவிட்டது. இன்றைக்கும் என் மருமகன் பழைய கார் பார்க்கப் போனால் என்னையும் கூட்டிக்கொண்டுதான் போகிறார். விற்கிற ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். நான் நாலு இடத்தில் தட்டி, கால்மிதியைத் தூக்கிப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிடும்.

இதை நான் எங்கேயும் போய்ப் படிக்கவில்லை. நாம் ஆறாம் வகுப்பில் இருந்த வருடம், மழை தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மாதம், எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு வேன் நின்றது. அந்த வெள்ளை வேனை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீடுகளில் யாராவது அதில் ஏறித் திருநெல்வேலி ஆசுபத்திரிக்குப் போயிருக்கவும் கூடும். அதற்குள் நடந்த கதை உங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் பாதிதான் தெரிந்துகொண்டார்கள்.

அப்போது வாப்பா வளைகுடாவில் இருந்தார். நான் பிறந்த வருடம் கப்பலேறியவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு மாத லீவில் வருவார். வந்தால் கூடத்து நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பார். எந்தப் பாத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தண்ணீர் வேண்டுமென்றால்கூடத் தானாக எழுந்து போய்க் குடிக்க மாட்டார், யாராவது அந்தப் பக்கம் வரக் காத்திருப்பார். புழுக்கம் பிடுங்குகிற நாளிலும் முழுக்கை வெள்ளைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான். உம்மா தெருவில் எல்லோரிடமும் அவர் கம்பெனியில் மேனேஜர் என்று சொல்லி வைத்திருந்தாள். வாப்பா தன் வாயால் அப்படிச் சொன்னதில்லை. போன புதிதில் கம்பெனியில் பொறுப்பான வேலை என்று ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அதை உம்மா மேனேஜர் ஆக்கினாள். வாப்பா மறுத்து எழுதவில்லை. நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் உங்களிடம் பெருமையடித்தேன். என் பென்சில் டப்பாவை இரண்டு பக்கமும் திறக்கலாம், அது மேனேஜர் வாப்பா கொண்டுவந்தது. நினைவிருக்கிறதா?

அந்த லீவில் எனக்கு மூத்தவள், என் லாத்தாவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். லாத்தாவுக்குப் பதினெட்டு வயது. பக்கத்துத் தெருவில் நல்ல குடும்பம், மாப்பிள்ளை சென்னையில் அவர்கள் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். வாப்பா திரும்புவதற்குள் தேதி குறித்துவிட வேண்டும் என்று உம்மாவுக்கு அவசரம்.

வேன் வந்தது அந்தச் சமயத்தில்தான். நோயாளிகளைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோக நம் தெருவில் வண்டி கிடையாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த ஆளையும் டவுன் பஸ்ஸிலோ, யாரிடமாவது கெஞ்சி வாங்கின காரிலோதான் ஏற்ற வேண்டும். அதனால் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு பழைய வேனை வாங்கினார்கள். தூத்துக்குடியில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. பொறுப்பு என் மாமாவிடம் இருந்தது. உம்மாவின் தம்பி அவர், எந்தக் காரியமானாலும் இழுத்துப்போட்டுச் செய்கிறவர். வெளியூரில் ஒரு பட்டறையில் விட்டு, ஒரு மாதம் நடையாய் நடந்து, பாலில் முக்கியெடுத்த மாதிரி வெள்ளையாகக் கொண்டுவந்து நிறுத்தினார். எங்கள் கொல்லைக்குப் பெரிய கதவு இருந்ததால் வண்டி அங்கேதான் நின்றது. ஆலிம்சா வந்து துஆ ஓதினார். எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தோம்.

எல்லோரும் வண்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாப்பா பக்கவாட்டில் நடந்தார். நான் அவர் பின்னாலேயே போனேன். கதவுக்குக் கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில், விரல்கணுவால் இரண்டு தட்டு தட்டினார். மேலே தட்டினால் டங்கென்று கேட்டது. கீழே தட்டியபோது சுவரில் தட்டின மாதிரி சத்தமே செத்துப்போயிருந்தது. வாப்பா கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். பிறகு மாமாவிடம், வண்டிக்கு அடியில் யாராவது பார்த்தார்களா என்று மட்டும் கேட்டார். மாமா சிரித்தார். ஆபீஸ் ஆளுக்கு இந்தக் கவலையெல்லாம் எதற்கு, பட்டறைக்காரர் எல்லாம் பார்த்துவிட்டார் என்றார். வாப்பா தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் வாப்பா சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். உம்மா மீனில் உப்புக் கூடிவிட்டதோ என்று கேட்டாள், புளி மாற்றினாள், கறி வாங்கி வரச் சொன்னாள். லீவு கழிகிறதே என்ற ஏக்கம் என்று கடைசியில் அவளே முடிவு கட்டினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், எல்லோரும் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், நான் கொல்லைக்குப் போனேன். வேனுக்கு அடியில் இரண்டு கால் தெரிந்தது. வாப்பா பனியனும் கைலியுமாக ஓலைப்பாயில் மல்லாந்து கிடந்து, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அவர் கைகளை முழங்கை வரைக்கும் பார்த்தேன். மொச்சை விதை அளவில் வெள்ளைத் தழும்புகள், கறுத்த சூட்டுப் புள்ளிகள், ஒரு இடத்தில் தோல் வழுவழுவென்று மினுங்கியது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். உம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். நான் சாயங்காலம் அசர் பாங்கு சொல்வதற்குள் சொல்லிவிட்டேன். உம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆபீஸில் உட்கார்ந்து உட்கார்ந்து சலித்திருக்கும், ஆம்பிளைகளுக்கு வண்டியென்றால் ஒரு ஆசைதானே என்றாள். கையைப் பற்றியும் சொன்னேன். அதை அவள் காதில் வாங்கினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு மாமியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மாமிக்கு நெஞ்சு பலவீனம், கால் வீங்கிப் போயிருந்தது, உட்கார முடியாது. வண்டிக்கு அதுதான் முதல் ஓட்டம். மாமா பின் கதவைத் திறந்துவைத்திருந்தார். நாலு பேர் மாமியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கொல்லைவாசல் வரைக்கும் வந்துவிட்டார்கள். உம்மாவும் பெண்களும் உள்வாசல் திரைக்குப் பின்னால் நின்றார்கள். லாத்தா விசிறியோடு நின்றாள்.

வாப்பா கூடத்திலிருந்து எழுந்து வந்து வண்டியின் பின் கதவை மறித்து நின்றார்.

"மச்சான், இதுல ஆளை ஏத்தாதிய."

மாமாவுக்குப் புரியவில்லை. நேரமாகிறது என்றார். வாப்பா டிரைவரிடம் ஸ்குரு டிரைவர் கேட்டு வாங்கினார். வண்டிக்குள் ஏறி, தரையில் விரித்திருந்த புது ரப்பர் விரிப்பைச் சுருட்டி ஓரமாகத் தள்ளினார். வெள்ளைப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. ஸ்குரு டிரைவரை நட்டமாக வைத்து உள்ளங்கையால் ஒரு அழுத்து. கைப்பிடி வரைக்கும் இறங்கியது. அவர் அதை ஆட்டி எடுத்தபோது பட்டியும் பெயிண்டுமாக ஒரு வில்லை பெயர்ந்து விழுந்தது. அந்தத் துவாரத்தின் வழியே எங்கள் கொல்லை மண் தெரிந்தது. ஒரு வேப்பிலை கிடந்தது தெரிந்தது. இன்னும் நாலு இடத்தில் குத்திக் காட்டினார். கடைசியாகக் குத்தியது கட்டில் கால் வரவேண்டிய இடத்தில்.

மாமியின் மகன் கட்டிலைப் பைய இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு, வாடகைக் கார் பிடிக்க ஓடினார். மாமாவின் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மாதம் நடந்த நடையெல்லாம் அதில் தெரிந்தது.

"ஒங்களுக்கு எப்படி மச்சான் தெரியும்?" என்றார்.

"பதினோரு வருசமா இதான் என் வேலை. துரு எடுக்கது, ஓட்டை அடைக்கது, பெயிண்ட் அடிக்கது. நான் மேனேஜர் இல்ல. மேனேஜர் ரூமுக்கு வெளிய நிக்கிற ஆளு."

இதைச் சொல்லும்போது வாப்பா யாரையும் பார்க்கவில்லை, ஸ்குரு டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் அவர் தோள் இறங்கியது. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், உம்மா அங்கே இல்லை.

அன்றைக்கு மத்தியானம் உம்மா பேசினாள். அடுப்படியில் வைத்து, குரலை உயர்த்தாமல் பேசினாள். நான் உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"செஞ்ச வேலையில எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா பதினோரு வருசமா என்னை ஊர்ல பொய் சொல்ல வச்சிட்டிய."

அதோடு உம்மா அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். சோறு போட்டாள், துணி துவைத்தாள், எல்லாம் செய்தாள். பேச்சு மட்டும் என் வழியாகத்தான் போனது. வாப்பாவிடம் கேள், வாப்பாவிடம் சொல். இரண்டு பேரும் ஒரே கூடத்தில் இருந்தாலும் நான் நடுவில் நிற்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அது விளையாட்டாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்த இரண்டு பேரையும் பிடித்து எதிரெதிரே உட்கார வைத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

வண்டியைத் தட்டிப் பார்த்த பிறகும் வாப்பா மூன்று நாள் ஏன் அதைச் சொல்லாமல் இருந்தார் என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். வாயைத் திறந்தால் லாத்தாவின் சம்பந்தம் ஆடிப்போகும் என்று அவருக்குத் தெரியும். திறக்காவிட்டால் மாமி கட்டிலோடு ரோட்டில் விழுவாள் என்பதும் தெரியும். பட்டறைக்காரரிடம் திருப்பி விடுங்கள் என்று பொதுவாகச் சொல்லிப் பார்க்கலாமா, ராத்திரியோடு ராத்திரியாகத் தானே ஏதாவது செய்யலாமா என்றெல்லாம் நினைத்திருக்கலாம். தைரியம் வர மூன்று நாள் ஆனது. என்னைக் கேட்டால் அது பெரிய தாமதம் இல்லை.

வண்டியைக் குத்திக் காட்டிய மறுநாளே வாப்பா வேலையில் இறங்கிவிட்டார். மாமா இரண்டு நாள் அந்தப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, என்னென்ன சாமான் வேண்டும் என்று கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனார். அதற்கப்புறம் வண்டி முடிகிறவரைக்கும் மாமாதான் வாப்பாவுக்குக் கையாள்.

தோழிகளே, அந்த நாட்களில்தான் நான் என் வாப்பாவை முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்வேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த விருந்தாளியைக் காணவில்லை. கொல்லையில் ஒரு ஆள் விசிலடித்துக்கொண்டு வேலை செய்தார். என்ன வேண்டும் என்று உரக்கக் கேட்டார். தாகம் எடுத்தால் நேரே அடுப்படிக்கு வந்து செம்பில் மொண்டு குடித்தார். சுத்தியல் எங்கே இருக்கிறது, எந்தக் கிழிசல் துணி பஞ்சு மாதிரி உறிஞ்சும் என்பதெல்லாம் இரண்டே நாளில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் பட்டி முழுவதையும் பெயர்த்து எடுத்தார். அது ஒரு கோணி நிறைய வந்தது. பெயர்த்த பிறகுதான் வண்டியின் உண்மையான நிலை தெரிந்தது. கதவுகளுக்கு அடியில் தண்ணீர் வடிவதற்கென்று விட்டிருக்கிற சின்னத் துவாரங்களையும் பட்டறைக்காரர் பட்டி வைத்து அடைத்திருந்தார். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று செய்திருப்பார். பட்டறையில் கழுவின தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நின்று, மிச்ச இரும்பையும் தின்றுகொண்டிருந்தது. வாப்பா ஆணியால் ஒவ்வொரு துவாரமாகத் திறந்தார். ஒன்றிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் ஒழுகியது. மாமா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மக்கிப்போன தகரத்தை, நல்ல இரும்பு வருகிறவரைக்கும் வெட்டி எடுக்க வேண்டும். கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் அங்கிருந்து மறுபடி பரவும் என்றார். புதுத்தகரத்தைப் பற்றவைக்க ஆறுமுகநேரியிலிருந்து ஒரு வெல்டிங் அண்ணாச்சி, கேஸ் சிலிண்டரை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆபீஸ் ஆளுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிற தோரணையில்தான் ஆரம்பித்தார். வாப்பா ஒரு மூலையைத் தான் வைத்துக் காட்டட்டுமா என்று கேட்டு வாங்கிப் பற்றவைத்தார். அண்ணாச்சி குனிந்து அந்தப் பற்றைப் பார்த்தார். பிறகு கருப்புக் கண்ணாடியைக் கழற்றி வாப்பாவிடமே கொடுத்துவிட்டு, வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்.

வெட்ட வேண்டாத இடங்களில் கம்பி பிரஷ் வைத்துத் தேய்க்க வேண்டும். நாலு நாள் தேய்த்தார்கள். கொல்லை முழுக்கச் செம்பொடி. உலர்த்தின துணியிலும் அப்பளத்திலும் ஏறியது. தேய்த்து முடித்தாலும் குழிகளுக்குள் துரு ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குத்தான் ஆசிட். பாஸ்பாரிக் ஆசிட் என்று வாப்பா சொன்னதை நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். நீலக்கரை போட்ட பீங்கான் தட்டில் ஊற்றி, தூரிகையால் தடவ வேண்டும். அந்தத் தட்டை உம்மா அதற்கப்புறம் அடுப்படிக்குள் சேர்க்கவில்லை. எங்கே போனதோ. நான் கிட்டே போகக்கூடாது என்று வாப்பா கோடு கிழித்திருந்தார். கோட்டுக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து பார்ப்பேன். தடவிய இடத்தில் செம்மை பைய மங்கிக் கறுக்கும். புளித்த வாடை ஒன்று வரும்.

ஆசிட் தடவினால் கொஞ்ச நேரத்தில் அதைக் கழுவிவிட வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. நம் கிணற்றுத் தண்ணீர் உவர். அதில் கழுவினால் இரும்பில் உப்புப் படிந்து, பொழுது சாய்வதற்குள் புதுத்துரு பூத்துவிடும். வாப்பாவுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீர்தான். தாமிரபரணியிலிருந்து நம் ஊருக்கு அது எப்படி வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்காக வீட்டுக்கு வீடு குடம் வரிசை கட்டும். கல்யாண வீட்டுக்காரர்கள்கூட அந்தத் தண்ணீரில் கைகழுவ யோசிப்பார்கள்.

வாப்பா என்னை அனுப்பினார். உம்மா கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். வாப்பாவுக்குப் பத்துக் குடம் நல்ல தண்ணீர் வேண்டுமாம் என்றேன். குடிக்கிற தண்ணீரா வண்டிக்கு என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அடுத்த காயை எடுத்து அரிந்தாள். நான் போய் வாப்பாவிடம் கையை விரித்தேன். அவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திருச்செந்தூர் வரைக்கும் போய் எங்காவது தண்ணீர் கிடைக்குமா என்று மாமாவிடம் பேசினார்.

மறுநாள் தண்ணீர் வருகிற நாள். உம்மா வழக்கமான எட்டுக் குடத்தை நிரப்பி உள்ளே வைத்தாள். பிறகு என்னை எதிர்வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் அனுப்பிக் காலிக்குடங்களை வாங்கிவரச் சொன்னாள். மாமி ஆசுபத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தாள். எதற்கு என்றுகூடக் கேட்காமல் தன் வீட்டுக் குடத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். குழாய் நிற்பதற்குள் பன்னிரண்டு குடம் நிறைந்தது. உம்மா அவற்றைக் கொல்லைவாசல் நடையில் வரிசையாக வைத்தாள். ஈயம் பூசின பித்தளைக் குடங்கள், இரண்டு மண்குடம். ஒவ்வொன்றின் மேலும் தட்டு போட்டு மூடினாள்.

"ஒன் வாப்பாட்ட சொல்லிரு. தண்ணி இருக்கு."

அன்றைக்கு வாப்பா வேலை செய்த வேகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒரு சொட்டு வீணாக்கவில்லை. செம்பால் மொண்டு ஊற்றி, தேய்த்து, மறுபடி ஊற்றி, அடுத்த நொடியே துணியால் ஒற்றி, மாமாவை விசிறச் சொல்லி, வெயில் உச்சியில் நிற்கும்போது அந்த இரும்பை ஒட்ட உலர்த்தினார். வெறும் இரும்பு சாம்பல் நிறத்தில், கை வைத்தால் சுடுகிற மாதிரி இருந்தது. கடல்காற்று திரும்புவதற்குள், துரு பிடிக்காமல் தடுக்கிற சிவப்பு ஆக்சைடு பூசியாக வேண்டும் என்றார். நாம் மூன்று மணிக்காற்று என்போமே, அது வந்து வேப்பமரத்தை அசைத்தபோது கடைசிக் கதவும் பூசி முடிந்திருந்தது. வாப்பா தூரிகையை மண்ணெண்ணெயில் போட்டுவிட்டு, காற்று வருகிற பக்கம் திரும்பி நின்றார். "இனி வந்துக்கோ," என்றார்.

இது முடிந்து இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் வாப்பா வந்தார். முன்வாசலில் யாரும் கவனிக்காததால் சத்தம் வந்த பக்கமாகச் சுற்றிக் கொல்லைக்கே வந்துவிட்டார். வாப்பா வண்டிக்கு அடியில் படுத்து, புதுத்தகரமும் பழைய தகரமும் சேருகிற இடுக்குகளுக்கு ரப்பர் பசை மாதிரி ஒன்றை விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கறுப்பு. வந்தவர் குனிந்து, வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று கேட்டார். வாப்பா படுத்தபடியே, நான்தான் என்றார். பிறகு எழுந்து வந்து ஸலாம் சொன்னார். கை கொடுக்க முடியாது, கையெல்லாம் பசை. வந்தவரை வேப்பமரத்தடியில் உட்காரச் சொல்லி, தன் வேலையைப் பற்றி ஒளிக்காமல் அவரிடமும் சொன்னார். அவர் தேநீர் குடித்தார். மரியாதையாகத்தான் பேசிவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில், பையனுக்கு இப்போது கல்யாணம் செய்கிற யோசனை இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

லாத்தா இரண்டு நாள் அழுதாள். வாப்பாவுக்குத் தேநீர் கொண்டுபோவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு மறுவருடம் வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் ஆனது, இன்றைக்குப் பேரன் பேத்தியோடு சென்னையில் நன்றாக இருக்கிறாள். ஆனாலும் பேச்சு வந்தால் சொல்வாள், வாப்பா இரண்டு வாரம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம் என்று. மாமி இரண்டு வாரம் பொறுத்திருக்க முடியுமா என்று நான் கேட்பேன். ஆனால் அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை என்று எனக்குத் தெரியும். அழுதது அவள்தானே.

வண்டி முடிந்தது. அடிப்பாகம் முழுக்கத் தார் மாதிரி ஒன்று பூசினார்கள். கை போகாத அடிச்சட்டக் குழல்களுக்குள் மெழுகையும் எண்ணெயையும் காய்ச்சி ஊற்றினார்கள். மேலே மறுபடி வெள்ளைப் பெயிண்ட். முதல் தடவை அடித்திருந்த பளபளப்பு இல்லை. பார்க்கச் சுமாராகத்தான் இருந்தது. மாமா தானே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு இடமாகத் தட்டினார். எல்லா இடமும் டங்கென்றது. என்னையும் தட்டச் சொன்னார். எதிர்வீட்டு மாமி அதில் ஏறி ஆசுபத்திரிக்குப் போய்வந்தாள். அதற்கப்புறம் ஆறு வருடம் இருந்தாள். நம் தெருவில் அந்த வண்டியில் போகாத வீடு குறைவு. நான் கல்லூரி முடிக்கிறவரைக்கும் ஓடியது. பிறகு யாருக்கோ கொடுத்தார்கள். எந்த ஊரில் எந்தக் கொட்டகையில் கடைசியாக நின்றதோ, எனக்குத் தெரியாது.

உம்மா அதுவரைக்கும் வாப்பாவிடம் பேசவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் கொடுத்தவள்தான், ஆனால் பேச்சு இன்னும் என் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. லீவு முடிந்தது. வாப்பா புறப்படுகிற நாளில் மழை பிடித்துக்கொண்டது. விடியற்காலையிலிருந்து ஊற்றோ ஊற்று என்று ஊற்றியது. மத்தியானத்துக்கு மேல் திருநெல்வேலியில் ரயில். பஸ் ஓடுமா என்பதே சந்தேகம். மாமா, வேனிலேயே போய்விடலாம் என்றார். வாப்பா போகும்போது உம்மா எப்போதும் திரைக்குப் பின்னால் நின்று வழியனுப்புவாள், அதற்கு மேல் வந்ததில்லை. அன்றைக்குத் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு வண்டிக்குள் ஏறிப் பின் பலகையில் உட்கார்ந்தாள். நானும் ஏறிக்கொண்டேன். மாமா முன்னால் டிரைவர் பக்கத்தில். வாப்பா எங்களுக்கு எதிரே, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

குரும்பூர் தாண்டும்போது மழை வலுத்தது. ஆழ்வார்திருநகரிக்கு அப்பால் வாய்க்கால் நிறைந்து ரோட்டுக்கு மேலே தண்ணீர் போனது. இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம், எல்லாம் செந்தண்ணீரில் நின்றது. எதிரே வந்த ஒரு கார் நடுவில் நின்றுபோய், ஆட்கள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். வாப்பா, போகலாம், நிறுத்தாமல் ஒரே சீராகப் போ என்றார்.

வண்டி தண்ணீருக்குள் இறங்கியது. எங்கள் காலுக்குக் கீழே தண்ணீர் தகரத்தில் மோதி உரசிக்கொண்டு போகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. நான் காலைத் தூக்கிப் பலகையில் வைத்துக்கொண்டேன். உம்மா குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். ரப்பர் விரிப்பின் ஓரத்தைக் கையால் தூக்கி, அடியில் தடவிப் பார்த்தாள். இந்த மூலை, அந்த மூலை. சக்கரத்துக்குப் பக்கத்தில் எட்டித் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைத் துப்பட்டியில் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

வண்டி மேடேறியது. உம்மா நிமிர்ந்து நேராக வாப்பாவைப் பார்த்தாள்.

"சொட்டுத் தண்ணி உள்ள வரல," என்றாள்.

"வராது," என்றார் வாப்பா.

அதற்கப்புறம் பாளையங்கோட்டை வருகிறவரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள். இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எதையும் யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டிய வேலை எனக்கு இல்லை, அதனால் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.